அக்கா வந்த படம்

கோவில்பட்டியில் வருடா வருடம் உலகத் திரைப்பட விழா நடந்தது என்று சொன்னால், இப்போது என்னோடு வேலை பார்க்கிறவர்கள் நம்புவதில்லை. கடலைமிட்டாய் ஊரில் உலகப் படமா என்று சிரிக்கிறார்கள். நடந்தது. நானே போயிருக்கிறேன், ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

விழா நடத்தியவர்களைக் குறை சொல்லக்கூடாது என்று எனக்கு நானே பல வருடமாகச் சொல்லிப் பார்க்கிறேன், முடியவில்லை. நல்லவர்கள்தான். பேங்கில் வேலை பார்த்தவர், டெலிபோன் ஆபீஸ்காரர், ஒரு தையல்கடைக்காரர், கல்லூரி வாத்தியார்கள் என்று ஒரு சின்னக் கூட்டம் கைக்காசு போட்டு நடத்தியது. கல்யாண மண்டபத்தைப் பிடித்து, ஜன்னல்களில் தார்ப்பாய் கட்டி இருட்டாக்கி, மணமேடையில் வெள்ளைத் திரையை இழுத்துக் கட்டுவார்கள். படங்கள் தகரப் பெட்டிகளில் சென்னையிலிருந்து ரயிலேறி வரும். சண்டை கிடையாது, பாட்டு கிடையாது. பேசுவது எந்த நாட்டுப் பாஷையோ, கீழே ஓடுவது இங்கிலீஷ். அதனால் ஒவ்வொரு படம் முடிந்ததும் பேங்க்காரர் மைக்கைப் பிடித்து அதன் கதையைத் தமிழில் சொல்லுவார். படத்தைவிட அவர் சொல்லுகிற கதை நன்றாயிருக்கிறது என்று அதற்காகவே வருகிறவர்களும் உண்டு.

மைக் செட் எங்கள் சித்தப்பாவுடையது. உலக சினிமாவுக்கும் எங்களுக்கும் இருந்த ஒரே உறவு அதுதான்.

எங்கள் ஊர் பசுவந்தனைக்குப் பக்கம். மழை பெய்தால் பருத்தி, உளுந்து. பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ்; ஃபாக்டரியை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். அந்த வருடங்களில் மழை எங்கள் ஊரை மறந்தே போயிருந்தது. அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்று ஆபீஸுக்குப் போக ஆரம்பித்தாள். மரச்சட்டத்தில் குச்சி அடுக்கும் வேலை. அவளுக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கும், நான் மூன்றாம் வகுப்பு. இரண்டு பெண்பிள்ளைகளில் ஒருத்தி போக வேண்டுமென்றால் மூத்தவள்தானே போக வேண்டும். அதில் யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை, எனக்கும்தான்.

ஆபீஸ் வண்டி விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே வந்து ஊர் முக்கில் நின்று ஹாரன் அடிக்கும். அக்கா அசைய மாட்டாள். அம்மா தூக்குச்சட்டியில் சோற்றை அடைத்துக்கொண்டே கத்துவாள். அப்பாதான் அவளைப் பாயிலிருந்து அப்படியே அள்ளித் தோளில் போட்டு, இன்னொரு கையில் தூக்குச்சட்டியோடு முக்குவரைக்கும் நடந்து போய், வண்டிக்குள் ஜன்னலோரமாக உட்காரவைத்துவிட்டு வருவார். அவள் தலை அவர் தோளில் தொங்கியபடி போகும். நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறவள், என்னை யார் தூக்கப் போகிறார்கள்? எனக்கு அதில் பெரிய பொறாமை.

அந்த வருடம் கோடையில் ஒரு வெள்ளைக்காரம்மாவும் கேமராக்காரரும், பேசுவதை மாற்றிச் சொல்ல மெட்ராஸிலிருந்து ஒரு பெண்ணும் ஊருக்கு வந்தார்கள். தீப்பெட்டிப் பிள்ளைகளைப் பற்றிப் படம் எடுக்கிறார்களாம். எங்கள் வீட்டு வாசலில் விளக்கைப் பிடித்துக்கொண்டு, அப்பா அக்காவைத் தூக்கிப் போவதை எடுத்தார்கள். அன்றைக்கு அப்பா சட்டை போட்டுக்கொண்டார். படத்தில் வெறும் உடம்போடு வரலாமா?

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவை உடைமரத்தடியில் உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார்கள். பெரியவர்கள் நின்றால் பிள்ளை பயப்படும் என்று எங்களையெல்லாம் தூரத் தள்ளிவிட்டார்கள். கிணற்றுமேட்டில் நின்று பார்த்தேன். கையைக் கையை ஆட்டிப் பேசினாள். நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“என்னட்டி கேட்டாவ?” என்று அம்மா விசாரித்தாள்.

“காலைல எப்படிப் போவேன்னு கேட்டாவ. சொன்னேன்.”

அவ்வளவுதான். நாங்கள் மறந்துவிட்டோம். அடுத்த வருடம் விழா நோட்டீஸோடு சித்தப்பா சைக்கிளில் பறந்து வந்தார். நோட்டீஸில் அக்காவின் முகம் இருந்தது. தலையில் துணி கட்டி, மூக்கெல்லாம் தீக்குச்சி மருந்துத் தூளோடு.

“அண்ணே, உலகம் பூரா ஓடுன படமாம். நம்ம புள்ள வந்திருக்கா பாருங்க. நீங்களும் வாரீங்க. நான் யார்ட்டயும் மூச்சு விடல. படம் முடியட்டும், மைக்குல நானே சொல்லுதேன், இவிய குடும்பமே இங்கனதான் இருக்குன்னு. பேங்க் சார் கையால ஒங்களுக்கு ஒரு பொன்னாடை!”

பொன்னாடையை வேறு அவரே வாங்கி வைத்திருந்தார். அப்பா வேண்டாம் வேண்டாம் என்றார். ஆனால் அன்று சாயங்காலமே முகச்சவரம் செய்துகொள்ளப் போனார்.

பஸ் ஏறிப் போனோம். அக்காவுக்குத் தீபாவளிப் பாவாடை, தலையில் கனகாம்பரம். அதனால் நோட்டீஸில் இருந்த பிள்ளைதான் இவள் என்று மண்டபத்தில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. சித்தப்பா எங்களுக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தார். அவரும் பக்கத்திலேயே ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்திருந்தார். அப்பா துண்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு, கோயிலில் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தார்.

படத்தில் முதலில் எங்கள் ஊர் வந்தது. பிறகு விளக்கு வெளிச்சத்தில் அப்பா, தோளில் அக்கா. நான் “அப்பா!” என்று கத்தப் போக, அம்மா என் தொடையில் கிள்ளினாள். அடுத்து அக்காவின் முகம் திரை முழுக்க வந்தது. வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னாள், தமிழில். உடனே அவள் குரல் அடியில் போய்விட்டது. மேலே ஒரு வெள்ளைக்காரம்மாவின் குரல் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தது.

“சவுண்ட கூட்டுங்கண்ணாச்சி!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

சித்தப்பா திருகினார். இங்கிலீஷ் கூடியது. இன்னும் திருகினார். மண்டபமே இங்கிலீஷால் அதிர்ந்தது. அக்காவின் வாய் மட்டும் மீன் வாய் மாதிரி அசைந்துகொண்டிருந்தது. நடுவில் அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். அந்த அம்மாவின் குரலோ அழப்போகிறவள் குரல்போல இருந்தது.

“சித்தப்பா, அக்கா சிரிக்கா. அந்தம்மா ஏன் அழுதாப்புல பேசுதாவ?” என்று கேட்டேன்.

“சும்மா இருட்டி” என்றார். அவர் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. பேங்க்காரர் மைக்கின் முன்னால் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையிலேயே அவர் கண் கலங்கியிருந்தது. அதை நான் மறுக்க முடியாது. நம் பகுதியைப் பற்றி எங்கிருந்தோ வந்து எடுத்திருக்கிறார்கள், வெட்கமாயிருக்கிறது என்று ஆரம்பித்தார். வழக்கம்போலக் கதையைச் சொன்னார்.

“இந்தப் பிள்ளை என்ன சொல்லுதுன்னா, தெனமும் இருட்டோட எங்கப்பா என்னைத் தூக்கத்துலயே இழுத்துட்டுப் போய் வண்டியில போட்டுருவாரு. நான் முழிச்சுப் பார்க்கையில ஃபாக்டரியில இருப்பேன். எனக்குக் காலைன்னு ஒன்னு இருக்கதே தெரியாது. இதைச் சொல்லுது, பதினோரு வயசுப் பிள்ளை.”

மண்டபம் உச்சுக்கொட்டியது. எங்களுக்குப் பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா, “பெத்தவனா அவன்? வெளங்குவானா?” என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள். அப்பா திரும்பவில்லை. மடியிலிருந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். மண்டபத்துக்குள் வெயிலா அடித்தது?

பிறகு ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து அக்காவைப் பற்றிப் பேசினார்கள். அரசாங்கத்தைத் திட்டினார்கள், முதலாளிகளைத் திட்டினார்கள், பெற்றோரின் அறியாமை என்றார்கள். மைக் கைக்குக் கை மாறிப் போனது. அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து பாவாடை ஜரிகையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சித்தப்பா கடைசிவரை எழுந்திருக்கவேயில்லை. பொன்னாடை பைக்குள்ளேயே இருந்தது.

வெளியே வந்ததும் அப்பா சித்தப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “அது நம்ம பிள்ள சொன்னதாடா?”

“அவ சொல்லாமயா, இங்கிலீசுல அம்புட்டு வெவரமாப் போடுவாவ?” என்றார் சித்தப்பா.

பஸ்ஸில் அப்பா டிரைவர் பக்கத்தில் போய்த் தனியாக நின்றுகொண்டார். அக்கா அம்மாவின் காதில், “நான் சிரிச்சிக்கிட்டுல்லாம்மா சொன்னேன்” என்றாள். அம்மா, “வாய மூடு, மானத்த வாங்கிட்டு” என்றாள். அக்கா மூடிக்கொண்டாள்.

அழுதவர்கள் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். ஆபீஸ் வண்டி வருவது நிற்கவில்லை. அக்கா கல்யாணம் ஆகிப் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் போகிறவரை அதே வண்டியில்தான் போனாள். அப்பா மட்டும் மாறிவிட்டார். அவளை நேராகப் பார்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அவள் தட்டில் சோறு குறைந்தால்கூட, “அவளுக்குப் போடு” என்று அம்மாவிடம்தான் சொல்வார். அவள்மேல் கோபம் என்றே நானும் அக்காவும் நினைத்தோம். கோபமில்லை. பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூசியது. இது விளங்க எனக்கும் பிள்ளைகள் பிறக்க வேண்டியிருந்தது.

அப்பா இறந்து, காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அக்காவிடம் கேட்டேன், அன்றைக்கு உடைமரத்தடியில் என்னதான் சொன்னாய் என்று. பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“ஹாரன் அடிக்கதுக்கு முன்னாலயே எனக்கு முழிப்பு வந்துரும்ட்டி. ஆனாலும் கண்ண மூடிக்கிட்டே கெடப்பேன். அப்பதான அப்பா தூக்குவாரு. அத நெனச்சித்தான் சிரிப்பு வந்துட்டு. அம்புட்டுதான் சொன்னேன்.”

“அப்பாகிட்ட ஒரு நாளாவது இதச் சொல்லியிருக்கலாம்லா?”

“அவிய எங்க எம் மூஞ்சியப் பாத்தாவ?”

விழாவுக்குப் போய்வந்த மறுநாள் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஹாரன் சத்தத்துக்கு நானே விழித்துவிட்டேன். அப்பாவின் பாய் சுருட்டி வைத்திருந்தது. அவர் அதற்குள் பருத்திக்காட்டுக்குப் போய்விட்டிருந்தார், அந்த இருட்டில், ஒன்றும் முளைக்காத காட்டுக்கு. வண்டி மறுபடியும் ஹாரன் அடித்தது. அம்மா கத்தினாள். அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஒரு கையைக் கொஞ்சம் வெளியே நீட்டியபடி அசையாமல் கிடந்தாள்.

இத்தனை சத்தத்திலும் எப்படித்தான் இப்படித் தூங்குகிறாளோ என்று நினைத்துக்கொண்டு, நான் போர்வையை இழுத்து மூடிப் படுத்தேன்.