கரைவலைக்கு ஆள் இல்லை

லைன் சூப்பர்வைசர் ராபினைப் பற்றித் திருப்பூரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள். ஒரு மாதமாக அவர் ஒருத்தருக்கு மட்டும் அதில் உடன்பாடு இல்லை.

பிறந்தது ராமநாதபுரம் பக்கத்துத் தீவு ஒன்றில். மீன்பிடிக்கிற குடும்பம்தான், ஆனால் வள்ளத்தில் கால் வைத்தாலே இவருக்குக் குடலைப் புரட்டும். ஊரே கேலி பண்ணியது. பதினேழு வயதில் பஸ் ஏறி வந்தவர், பனியன் கம்பெனியில் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலை பார்த்து, பவர் டேபிள் தையல் மெஷின் ஓட்டி, இருபத்தைந்து வருஷத்தில் ஒரு தையல் லைனையே மேய்க்கிற அளவுக்கு உயர்ந்தார்.

போன வருஷம் தீவைப் புயல் சுருட்டிப் போட்டது. கூரை ஒன்று மிச்சமில்லை, வலையெல்லாம் கருவேல முள்ளில் கிழிந்து தொங்கியது. ராபின் சும்மா இருப்பாரா? முதலாளி மணியனிடம் கேட்டு ஒரு வேன் நிறையத் துணிமணி ஏற்றிக்கொண்டு போனார். வேன் திரும்பும்போது அதில் பதினாலு இளவட்டங்கள்.

“இங்க கெடந்து என்னடா செய்யப் போறீக? வாங்க, நான் பாத்துக்கிறேன்.”

தாய்மார்கள் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அடேயப்பா, அன்றைக்கு மனுஷருக்கு இருந்த பெருமையைப் பார்க்கணுமே!

போன மாதம் ஊரிலிருந்து அக்கா ஜெயசுதா போன் பண்ணினாள்.

“தம்பி, வீடெல்லாம் எந்திரிச்சிருச்சு. பங்குச் சாமியார் தயவுல கரைவலையும் புதுசா வந்திருச்சு. இழுக்கத்தான் ஆளு இல்ல. ஏழு பேரையாச்சும் அனுப்பி வையி. நீ கூட்டிட்டுப் போன புள்ளைக, நீ சொன்னாத்தான் கேக்கும்.”

கரைவலை என்பது லேசுப்பட்ட காரியமில்லை. கடலில் வளைத்துப் போட்ட வலையை, இரண்டு பக்கமும் கயிறு பிடித்துக் கரையிலிருந்து இழுக்கணும். கிழவர்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆகிற வேலையா அது?

“சரிக்கா, சொல்றேன்” என்றார். சொல்லவில்லை.

அன்று காலைதான் மணியன் தோளில் கை போட்டிருந்தார். “ஏனுங்க ராபினு, இந்த சிப்மெண்டு போற வரைக்கும் ஒரு ஆளு கொறையக் கூடாதுங்க. உங்கள நம்பித்தான் ஆர்டரே புடிச்சிருக்கறனுங்க.” அந்த ‘உங்கள நம்பித்தான்’ ராபினைக் குளிர வைத்துவிட்டது.

அடுத்த வாரம் அக்கா கேட்டபோது, “சொல்லிட்டேன்க்கா, யோசிக்கிறாய்ங்க” என்றார். பச்சைப் பொய். பழியைத் தூக்கிப் பையன்கள் தலையில் போட்டாயிற்று. அதற்கடுத்த வாரம் போனையே எடுக்கவில்லை.

நேற்று எடுத்தார்.

“பொம்பளைகளே இழுத்தோம்பா” என்றாள் அக்கா. “நீ கூட்டிட்டுப் போன பிரதீப்போட அம்மாவுக்குத் தோள்பட்டை எறங்கிருச்சு, கட்டுப் போட்டிருக்கு. பரவால்ல விடு. வர இஷ்டமில்லாதவய்ங்கள என்ன செய்ய முடியும்?”

ராபினுக்குச் சோறு இறங்கவில்லை. சண்டாளா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் தாயின் தோள் தப்பியிருக்குமே என்று தன்னையே வைதுகொண்டார்.

இன்று மதியம் பதினாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நேரே போய் நின்றார். வலை வந்ததை, அக்கா கேட்டதை, தான் மறைத்ததை, பிரதீப்பின் அம்மாவுக்கு அடிபட்டதை, எல்லாவற்றையும் கொட்டினார்.

பிரதீப் டிபன் பாக்ஸை மூடினான். “தெரியும்ணே. வலை வந்த அன்னைக்கே அம்மா சொல்லிருச்சு. தோளு எறங்குனதும் தெரியும்.”

“பெறகு ஏண்டா போகல?”

“நாதியத்து நின்னப்ப கூட்டிட்டு வந்தவரு நீங்க. நீங்க போன்னு சொல்லாம எப்படிண்ணே போறது?” கொஞ்சம் தயங்கினான். “நாங்க யோசிக்கிறதா நீங்க சொன்னீகளாம்ல. அம்மா கேட்டுச்சு. ஆமா, யோசிக்கிறோம்னு சொல்லிட்டேன். ஒங்க பேரு கெட்டுப் போயிரக் கூடாதுல்ல.”

“இப்பவே கெளம்புங்கடா. மொதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார்.

ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை.

“நாளன்னைக்கு சிப்மெண்டு போயிரும்ணே. அத முடிச்சுக் குடுத்துட்டே போறோம். பாதியில விட்டா ஒங்களுக்குத்தான அசிங்கம்?” என்றான் பிரதீப்.

ஒருத்தனாவது தன்னைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டமாட்டானா என்று ராபின் பதினாலு முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார்.