நேராக்கிய மூலை

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எழுபதுகளின் கடைசியில் திருகோணமலைத் துறைமுகப் பட்டறையில் படம் வரைபவளாக இருந்தேன். கிரேனின் கையைத் தாங்கும் வார்ப்பிரும்புத் துண்டில், ஒரு மூலையில், மயிரிழை அளவு வெடிப்புத் தெரிந்தது. இனியும் பாரம் தாங்குமா என்று கொழும்பில் கம்ப்யூட்டரில் கணக்குப் போடவேண்டும். அந்த மெஷினுக்கு முழு இரும்பு விளங்காது. செங்கல் மாதிரி ஆறு முகமுள்ள கட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு மூலைக்கும் இலக்கமிட்டு அனுப்பவேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

நேரான இடமெல்லாம் சுலபம். அந்தத் துண்டின் சரிந்த பக்கம், அச்சு நுழையும் வட்டக் குமிழில் முட்டும் மூலையில்தான், எப்படிப் பிரித்தாலும் மெஷினுக்கு ஆகாத ஒரு முக்கோணத் துண்டு மிஞ்சியது. வெடிப்பும் அங்கேதான். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரக் கட்டிகளில் அந்த வடிவத்தைச் செதுக்கி வெட்டிப் பார்த்தேன்.

"என்ன தங்கச்சி, கந்தோரிலயும் உடுப்புத் தோய்க்கிறீங்களோ?" என்று கிரேன் ஓட்டுபவர் பகிடி பண்ணுவார். கிண்ணியாவிலிருந்து வருகிறவர்.

நாலாவது கட்டியில் பிடிபட்டது. முக்கோணத்தின் நடுவில் ஒரு புள்ளி. அதிலிருந்து மூன்று பக்கங்களின் மத்திக்கும் கோடு. மூன்று நாற்கோணம் வந்துவிட்டது. அதற்காகப் பக்கத்துக் கட்டிகளையும் பிளந்து, இலக்கமெல்லாம் திரும்பப் போட்டு அனுப்பினேன்.

சில கிழமைகளில் அறிக்கை வந்தது: பாரம் தாங்கும். கூட வந்த படத்தைப் பார்த்தால் என் மூலையைக் காணவில்லை. அந்த இடத்தில் தடித்த நேர்க் கட்டிகள். கொழும்பு எஞ்சினியருக்குப் போன் எடுத்தேன்.

"அந்த மூலை பெரிய கரைச்சல், பிள்ளை. கட்டியும் கூடிப்போச்சு. நேராக்கிப் போட்டனாங்கள்."

"வெடிச்சதே அந்த மூலைதானே?"

"கணக்கு வந்திட்டுதுதானே."

என்ன அநியாயம் இது! கணக்கு இரும்பைப் பார்த்து வரவேண்டுமா, இரும்பு கணக்கைப் பார்த்து மாறவேண்டுமா? மேலதிகாரியிடம் படத்தைக் காட்டினேன். "அவையளுக்குத் தெரியாததோ உமக்குத் தெரியும்?" என்றார். நாளைக்கே கிரேன் ஓடும் என்றும் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஓட்டுநர் உள்ளே வந்தார். மேலதிகாரியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கதானே அளந்தது, தங்கச்சி. நான் ஏறவா?"

கொழும்புப் படத்தில் அந்த மூலையைத் தொட்டுக் காட்டினேன்.

"ஏறாதேங்கோ. அது வேற ஒரு துண்டுக்குப் போட்ட கணக்கு."

அவர் கிரேன் சாவியை எடுத்து மேலதிகாரியின் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, எனக்கு. மூலையை நேராக்கியவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.