பாக்குவெட்டிக்குப் பாதி

டப்பாவில் மாத்திரை எண்ணிக்கை சரியாக இருந்தது. செல்வியின் ரத்தம்தான் சரியில்லை. எச்.ஐ.வி.யோடு ஹெபடைட்டிஸ் பி-யும் உள்ளவள் அவள். வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமியின் அளவு, ஏறியிருந்தது, ஈரல் டெஸ்ட்டிலும் கோளாறு.

"தினம் ஒண்ணு குறையுது, அப்புறம் ஏன் ஏறுது? வீட்டுல போய்ப் பாருங்க. கேள்வி கேட்டுப் பயமுறுத்தாதீங்க" என்றார் கவுன்சலர் மேடம்.

கேள்வி கேட்கிற ஆளா நான்? படித்தது ஐந்தாவது, நாலு பேர் எதிரில் பேச்சு வராது. எனக்கும் அதே இரண்டு நோய், அதே மாத்திரை. அதனால்தான் எச்.ஐ.வி. மருந்து தருகிற ஏ.ஆர்.டி. சென்டரில் களப்பணியாளராக எடுத்தார்கள்.

வீடு தேடிப் போகும்போது எங்கிருந்து வருகிறோம் என்று சொல்ல மாட்டோம். தேனிப் பக்கத்துக் கூடலூருக்கு நான் திராட்சை வியாபாரியாகப் போனேன். செல்வியின் தம்பி முருகன் வாசலில் ஜீப் கழுவிக்கொண்டிருந்தான். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறவன். (இருவர் பெயரும் மாற்றியது.)

"பன்னீர்த் திராட்சையா, விதையில்லாததாண்ணே?"

"ரெண்டும்."

"என்ன வெலைக்கு எடுக்குறீக?"

"அது... பாத்துத்தான்."

செல்வி டீக்குக் கூப்பிட்டுக் காப்பாற்றினாள். அடுப்படி மாடத்தில் மாத்திரை டப்பா. பக்கத்தில் ஒரு பாக்குவெட்டி, அதன் வாயில் வெள்ளைத் தூள்.

"வெத்தல போடுவியா ஆத்தா?"

"இல்லண்ணே, மாத்திர வெட்ட" என்றாள். ரத்ததான முகாமில் தம்பிக்கு ஹெபடைட்டிஸ் 'பி' இருப்பதாகச் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்களாம். அவன் போகவில்லை.

"ஒரே மாத்திர ரெண்டையும் அடக்கும்னு நீங்கதானண்ணே சொன்னீக? எனக்கு ரெண்டு நோவு, அவனுக்கு ஒண்ணு. பாதி போதாதா?"

சொன்னது நான்தான். பெருமையாக வேறு சொன்னேன். பாதி மாத்திரை இருவருக்குமே உதவாது, நோய் மருந்துக்குப் பழகிவிடும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தேன்.

"அவன்ட்ட என்னன்னு சொல்லிக் குடுக்குற?"

"ஈரல் மாத்திரன்னு. எனக்கு இருக்கது அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா தட்டத் தனியா வச்சிருவான். சொல்லீறாதீக."

"அவனுக்கும் எல்லா டெஸ்ட்டும் எடுத்துத்தான் மருந்து குடுக்கணும், ஆத்தா. பெரிய ஆஸ்பத்திரில எல்லாம் இலவசந்தான்."

"கூப்பிட்டுப் பாத்துட்டேன். வண்டி நிக்கக் கூடாதுங்கான்."

வாசலுக்கு வந்தேன். ஜீப் டயரை ஒருமுறை தட்டிப் பார்த்தேன். பிறகு சொன்னேன்:

"தம்பி, எனக்கு ஈரல்ல 'பி' இருக்கு. செவ்வாக்கெழம தேனி ஆஸ்பத்திரிக்குப் போகணும். தனியாப் போகக் கூச்சமா இருக்கு. கூட வர்றீகளா?"

எல்லாம் உண்மைதான். அவன் குழாயை மூடிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"இம்புட்டுப் பெரிய ஆளு இதுக்குக் கூச்சப்படலாமாண்ணே? வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

செவ்வாய்க்கிழமை, தனக்கும் 'பி' உண்டு என்று டாக்டரிடம் அவனே சொல்ல, எனக்குத் துணைக்கு வந்தவனுக்கே ரத்தம் எடுத்தார்கள். பிறகு அவன் பெயருக்குத் தனிச் சீட்டும் தனி மாத்திரையும் கிடைத்தன. திரும்பி வரும்போது சின்னமனூர் தாண்டித்தான் வாயைத் திறந்தான்.

"திராட்ச யாவாரமெல்லாம் இல்லைல?"

"இல்ல."

"வெல தெரியாத யாவாரிய இன்னைக்கி வரைக்கும் நான் பாத்ததில்ல." கொஞ்ச தூரம் ஓட்டினான். "பாதி மாத்திரையக் குடுத்தா, மீதிப் பாதி யாருக்குன்னு யோசிக்க மாட்டனாண்ணே? எதுக்குப் போடுதுன்னு அக்காட்ட நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன். இனிமே முழுசாப் போடச் சொல்லுங்க."

சொன்னேன். அடுத்த டெஸ்ட்டில் செல்வியின் வைரல் லோடு இறங்கியிருந்தது. வீட்டில் தட்டு எதுவும் தனியாகவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். டப்பாவில் எத்தனை குறைந்தது என்று எண்ணுங்கள். எண்ணிவிட்டு, யார் யார் வாய்க்குப் போனது என்றும் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், டீ தருகிறேன் என்று கூப்பிடும்போது மறுக்காமல் உள்ளே போங்கள்.