றசீது காக்கா கழற்றிய மூன்றாவது சில்லு

விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு, றசீது காக்கா மௌத்தான செய்தியைப் பள்ளி ஒலிபெருக்கியில் சொன்னார்கள். உயிரோடு இருந்தவரை எங்கள் தெருமுனையில் சைக்கிள் திருத்தியவர் அவர்; மூத்தவர் என்பதால் எனக்குக் காக்கா, அண்ணன் முறை. "இன்னாலில்லாஹி" சொல்லிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். என் பேத்தி ஸஹ்றா தன் சைக்கிளைப் பிடித்தபடி அழுதுகொண்டு நின்றாள். அந்தச் சைக்கிளின் கதையைச் சொன்னால்தான் அவரைத் தெரியாதவர்களுக்கும் அவர் யாரென்று விளங்கும்.

ஸஹ்றா சொறிக்கல்முனைப் பக்கம் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் முதல் ரீச்சர் அவள்தான். காலையில் அவள் போகிற நேரத்துக்குப் பஸ் இல்லாததால் கியர் சைக்கிள் வாங்கினாள். மிதிக்கும் இடத்தில் உள்ளிருந்து வெளியே சின்னது, நடு, பெரியது என்று மூன்று பல்லுச்சில்லுகள். ஒருநாள் வெளிப்பக்கத்துப் பெரிய சில்லு அவளுடைய அபாயாவைக் கடித்து இழுத்து, வாய்க்காலுக்குள் விழுத்திவிட்டது. "இன்னொருக்கா ஏதும் நடந்தா சைக்கிளும் இல்ல, வேலையும் இல்ல" என்று அவளுடைய வாப்பா, என் மகன், முடிவாகச் சொல்லிவிட்டான்.

ஸஹ்றாவையும் கூட்டிக்கொண்டு நான்தான் காக்காவிடம் போனேன்.

"காக்கா, இது மலையேறுற சைக்கிளாம். கல்முனையில எங்க மலை? கடிக்கிற பெரிசையும் கழட்டுங்க, ஏறுற சின்னனையும் கழட்டுங்க. நடுவில ஒண்டு இருந்தாக் காணும்."

"பொறுங்க தங்கச்சி" என்றார். மூன்று சில்லையும் துடைத்து, ஒவ்வொரு பல்லாக விரலால் தடவிப் பார்த்தார். பெரியதில் கறுப்புப் பூச்சுக்கூட அழியவில்லை. சின்னதில் பல்லெல்லாம் தேய்ந்து பளபளத்தது.

"மலையில்லாத ஊரில இந்தப் புள்ள எதில ஏறுது?"

"தெரியா மாமா. களைச்சா மாத்துவன்" என்றாள் ஸஹ்றா.

அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, அதே சைக்கிளில் சொறிக்கல்முனைக்கே போய்விட்டார். வியர்த்து நனைந்து திரும்பியவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"கண்டுபிடிச்சிட்டன் தங்கச்சி! கச்சான் காத்து அடிக்கக்குள்ள அந்த வயல் ரோட்டில போய்ப் பாருங்க. காத்துத்தான் நம்மட மலை."

பெரிய சில்லை மட்டும் கழற்றினார். அதையும் எறியவில்லை. பல்லெல்லாம் அராவி மொட்டையாக்கி, அதே இடத்தில் திரும்பப் பூட்டினார். "கடிச்சவர்தானே, இனி உடுப்புக்குக் காவல் இரிக்கட்டும்."

மூன்றாம் நாள் செயின் அந்த மொட்டைச் சில்லின் மேல் ஏறிச் சிக்கிக்கொண்டது. ஸஹ்றா சைக்கிளை உருட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். மகன் சைக்கிளை அறைக்குள் வைத்துப் பூட்டினான்.

கேள்விப்பட்டு, கையில் திருகாணிக் கோலோடு காக்கா வந்து என் மகனிடம் சொன்னார்.

"மனே, பிழை புள்ளையில இல்ல, என்னில. மூண்டை ரெண்டாக்கின நான், செயினைச் சில்லு மாத்தித் தள்ளுற இரும்புக் கைக்கு அதச் சொல்ல மறந்திட்டன். அது இன்னும் மூண்டாவதைத் தேடிப் போகுது."

தன் பேத்தி வயதுப் பிள்ளைக்கு முன்னால் இப்படிப் பிழையை ஒத்துக்கொண்ட மனிதர் அவர். சின்னத் திருகாணி ஒன்றைக் கொஞ்சம் திருப்பிவிட்டு, "இப்ப நீ ஓடிப் பாரு. செயின் பாய்ஞ்சா நானே அறையப் பூட்டித் தாறன்" என்றார். மகன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தெருவே சிரிக்க, கியரை மாற்றி மாற்றி நாலு சுற்று ஓடினான். செயின் பாயவில்லை.

அன்றிலிருந்து பின்னேரத்தில் அவள் கடையைத் தாண்டும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"இண்டைக்கு எந்தச் சில்லு மகள்?"

"சின்னன் மாமா."

"அப்ப கச்சான் தொடங்கிட்டு."

காக்காவின் ஜனாஸாவை அடக்கம் செய்யத் தோளில் சுமந்தவர்களில் என் மகனும் ஒருவன். மறுநாள் ஸஹ்றா வழமைபோல வேலைக்குப் போனாள். பின்னேரம் அவள் திரும்பி வந்தபோது, பூட்டிக் கிடந்த அந்தக் கடைக்கு முன்னால் அவன் நின்றான்.

"இண்டைக்கு எந்தச் சில்லு மகள்?"

"சின்னன் வாப்பா."

காக்கா, நீங்கள் போகிற பாதையில் காற்று உங்கள் முதுகுப் பக்கமாக வீச அல்லாஹ் அருள் செய்வானாக.