வாந்தி வருமா என்று கேட்டார்கள்

வாந்தி வருவதற்கு முன்பே வாந்திக்கு மருந்து கொடுக்கிற ஊர் இது. அறுவை சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பே உட்காரவைத்து, போன முறை மயக்கம் தெளிந்ததும் குமட்டியதா, பஸ்ஸில் போனால் தலை சுற்றுமா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். ஆளைப் பார்த்து மருந்தை முடிவு செய்வார்களாம். நான் பார்த்த வரையில் நம் ஊரில் குமட்டினால் வாளியை நீட்டுவோம், 'மயக்க மருந்து இறங்குது' என்போம், அத்தோடு சரி.

என் மனைவி செல்விக்குப் பித்தப்பையில் கல். வெளிநாட்டில், ஈசூனில் நான் இருக்கும் வீட்டுக்கு அவள் ஊரிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஆங்கிலம் இன்னும் பழகவில்லை. சீன டாக்டரம்மாவின் கேள்விகளை அவளுக்குத் தமிழில் சொல்வதுதான் என் வேலை. நானோ அவளைக் கேட்காமலே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"லாஸ்ட் டைம் ஆபரேஷன், வாமிட் ஆர் நாட்?"

"நோ லா, டாக்டர். ஷீ வெரி ஓகே." இந்த ஊர்ப் பேச்சின் 'லா' எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்ன கேக்கறாங்க?" என்றாள் செல்வி.

"ஒண்ணுமில்ல, எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்."

அறுவை முடிந்த அன்று மாலைக்குள் ஆறு முறை வாந்தி எடுத்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் தையல் மேல் தலையணையை அழுத்திக்கொண்டு துடித்தாள். ஊசி போட்டும் நிற்கவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் நர்ஸ் ஒருவர் கணினியைப் பார்த்துவிட்டு அவளிடமே கேட்டார்.

"அக்கா, முன்ன ஆபரேஷன் செஞ்சப்ப வாந்தியே வரலன்னு போட்டிருக்கு. உண்மையா?"

"வந்துச்சு சிஸ்டர். நாள் முழுக்க."

"சொல்லிருந்தா மயக்கத்துலயே இன்னும் ரெண்டு மருந்து சேர்த்துக் குடுத்திருப்பாங்க லா. யாரு நோ சொன்னது?"

நான்தான். என்மேல் வந்த ஆத்திரத்தை அவள்மேலும் கொஞ்சம் காட்டினேன். ஐந்து வருடங்களுக்கு முன் புதுக்கோட்டையில் அவளுக்குக் குடல்வால் எடுத்தபோது நான் இங்கே உட்லண்ட்ஸில் பன்னிரண்டு பேர் தங்கும் அறையில் இருந்தேன். லீவு கிடைக்கவில்லை. வெளிநாட்டில் இருப்பவனிடம் நோயைச் சொல்லக்கூடாது என்பது நம் குடும்பங்களில் எழுதாத சட்டம். இங்கே வேலைக்கு வந்த நாங்கள் மட்டும் என்ன, கட்டுப்போட்ட கையைக் கேமராவுக்கு வெளியே வைத்துக்கொண்டு பேசியவர்கள்தானே.

"அன்னிக்கு வீடியோ கால்ல சிரிச்சுக்கிட்டுத்தானே பேசின?"

"போன் அடிச்சா பக்கத்து பெட் அக்கா மூஞ்சியத் தொடச்சு பவுடர் போட்டு விடுவாங்க. பேசி முடிச்சதும் வாளியப் பிடிப்பாங்க."

"அவங்க பேரு என்ன?"

"கேக்கவே இல்லைங்க."

அந்த நேரம் பார்த்து அவள் அம்மா ஊரிலிருந்து வீடியோ காலில் அழைத்தார். எடுக்கப் போனேன். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க. மொதல்ல என் மூஞ்சியத் தொடச்சு விடுங்க."

ஒரு கையில் வாந்தி பிடிக்கும் காகிதக் கிண்ணமும் மறு கையில் டிஷ்யூவுமாக நின்றேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது.