சுருட்டி வைத்த வரைபடம்

மலையாள ராஜ்யத்தின் தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டமும், கூடாது என்று இன்னொரு கூட்டமும் ஊர்வலம் போன காலம். உதியன்குளங்கரைப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆசிரியப் பயிற்சி. எனக்கு மதிப்பெண் போடும் வகுப்புக்கு, மிகுந்த அரசியல் ஞானத்தோடு, 'நமது ராஜ்யமும் அதன் எல்லைகளும்' என்ற பாடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அட்டையில் படம் வரைந்து, எல்லைக்குச் சிவப்பு மை தீட்டி, அது காயும்வரை வீட்டில் யாரையும் அண்டவிடவில்லை.

காலையில் ஹெட்மாஸ்டர் படத்தைப் பார்த்தார்.

"டீச்சரே, அதைச் சுருட்டி வச்சிருங்க. எல்லை எதுன்னு சர்க்காருக்கே இன்னும் தெரியல்ல. உங்களுக்குத் தெரியுமாக்கும்?"

அன்று கடையடைப்பு வேறு. நெய்யாற்றின்கரையிலிருந்து பஸ் இல்லை. வராத ஆசிரியரின் ஐந்தாம் வகுப்பையும் என் நாலாம் வகுப்போடு சேர்த்து உட்காரவைத்தார்கள். ஊரே வராத நாளில், என்னை மதிப்பிட வேண்டிய பயிற்சிப் பள்ளி சார் மட்டும் சைக்கிள் மிதித்து வந்து சேர்ந்தார். கடமையுணர்ச்சி என்பது இதுதான்.

படமில்லை, பாடமில்லை. பிள்ளைகளிடம், அவரவர் வீட்டையும் சுற்றுப்புறத்தையும் சிலேட்டில் வரையச் சொன்னேன். எல்லாரும் குனிந்து வரைந்தார்கள். பிறகு பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளான இரண்டு சிறுமிகள் முட்டிக்கொண்டார்கள். ஒருத்தி வேலியைப் பிலாமரத்துக்கு அந்தப் பக்கம் போட்டிருந்தாள், மற்றவள் இந்தப் பக்கம். மரம் யாருக்கு என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்தது.

எது சரியென்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். அளக்கலாம் என்றான் ஒருவன். பழைய கல் உண்டா என்று பார்க்கலாம் என்றான் இன்னொருவன். பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"அங்க குடியிருக்கவங்ககிட்டக் கேட்டாப் போதும் டீச்சரே."

வாசலில் ஹெட்மாஸ்டர் இருமினார். எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் பயிற்சி மாணவிக்குத் துணிச்சலையும் அளந்துதான் தருகிறார்கள். "சரி, தோட்டத்துல வேற என்னென்ன மரம் உண்டு?" என்றேன். எல்லைப் பாடம் மரவகைப் பாடமாக முடிந்தது.

எழுதிக் கொடுத்த பாடத்திட்டம் நன்று, வகுப்பும் நன்று, இரண்டுக்கும் சம்பந்தம்தான் இல்லை என்றார் சார். இருந்தாலும் பாஸ் போட்டுவிட்டார். ஹெட்மாஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, அடுத்த வாரம் ஜீரண உறுப்புகளை நடத்தச் சொன்னார். அதில் யாருக்கும் தகராறு கிடையாதாம்.

நடத்தினேன். இரைப்பை எந்தப் பக்கம் என்று ஒருவரும் ஊர்வலம் போகவில்லை.