சங்கு ஊதும்போது கேட்டது

எனக்குப் பயம் வருவதற்குக் காரணம் தேவையில்லை. முதலில் பயம் வந்து பாயை விரித்து உட்கார்ந்துகொள்ளும். காரணம் சாவகாசமாகப் பின்னால் வந்து சேரும். போன மாதம் ஒரே நாளில் இரண்டு செய்திகள். தவணை நாள் நெருங்குகிறது என்று வங்கியிலிருந்து போனுக்கு ஒன்று. சர்க்கரை எல்லையில் வந்து நிற்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டரிடமிருந்து ஒன்று. இரண்டையும் கூட்டிப் பார்த்த நான், மாலை போட்டு மாட்டுவதற்கு என் படங்களில் எது தோதாக இருக்கும் என்று சாயங்காலமே தேட ஆரம்பித்துவிட்டேன். பின்னால் நின்று எட்டிப்பார்த்த மனைவி, "இந்தச் சட்டையில கன்னம் ஒட்டித் தெரியுது. நம்ம கல்யாணத்துல எடுத்தது இருக்கே" என்று சொல்லிவிட்டு, என் செருப்பை எடுத்து வாசலில் போட்டாள்.

போய் நடந்துவிட்டு வந்தேன். சாகவில்லை. ஆனால் கடன், நடை, சாவு மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிப் பயப்படும் இந்தத் திறமை எனக்கு நடுவயதில் வந்ததல்ல. மூன்றாம் வகுப்பிலேயே நான் அதில் தேறியவன்.

அப்போது அப்பா இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசர். அடுத்தவன் தறியில் ஓடுகிற துணியைப் பார்த்துப் பார்த்து, நாமே தறி போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஶ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒருவரிடம் கடன் வாங்கி, பழைய தறி இரண்டு வாங்கிப் போட்டார். வருவதாக இருந்த ஆர்டர் வரவில்லை. தறிகள் கொஞ்ச நாள் சத்தம் போட்டன, கொஞ்ச நாள் சும்மா நின்றன, கடைசியில் பழைய இரும்பாகப் போயின. கடன் மட்டும் போகவில்லை.

இது எதுவும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டில் வரிசையாகச் சில பொருட்கள் காணாமல் போயின என்பதுதான். முதலில் மொபட் போனது. "நடந்தா உடம்புக்கு நல்லது" என்றாள் அம்மா. அப்பாவின் சிகரெட் போனது. அதுவும் உடம்புக்கு நல்லது. தெருமுனை டீக்கடையில் காலையும் மாலையும் உளுந்தவடையோடு குடிக்கும் டீ போனது. சனிக்கிழமை புரோட்டா போய், அந்த இடத்தில் கம்பங்கஞ்சியும் கீரையும் வந்து உட்கார்ந்தன. நான் தட்டைத் தள்ளியபோதெல்லாம் அம்மா அதே வாக்கியத்தைச் சொன்னாள். ஒரு வீட்டில் இத்தனை நல்லது ஒரே சமயத்தில் நடந்தால் எந்தப் பிள்ளைக்கும் சந்தேகம் வரும்.

அதோடு எனக்கு ஒரு வேலையும் கொடுக்கப்பட்டது. கம்பெனிக்குக் குறுக்கு வழி தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதை. காலையில் அப்பா கிளம்பும்போது நானும் கூடவே போய், கம்பெனி கேட்டில் அவரை விட்டுவிட்டுத் திரும்பி வந்து பள்ளிக்கூடம் போகவேண்டும்.

"இவன் எதுக்கு?" என்றார் அப்பா முதல் நாள்.

"அங்கன நாய் கெடக்கும். துணைக்கு வரட்டும்."

அப்பா அம்மாவைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, "சரி, வாடா" என்றார்.

அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரயில் சத்தம் கேட்டா அப்பா கையைப் பிடிச்சுக்கிடணும். ரயில் போற வரைக்கும் விடப்பிடாது. நாய் மிரண்டு பாயும்" என்றாள். எங்கள் ஊர் நாய்க்கு நாடெங்கும் பேர். ஊர்ப் பேரையே சாதிப் பேராக வைத்துக்கொண்டு திரிகிற நாய் அது. ஆகவே இதில் எனக்குச் சந்தேகம் எழவில்லை. இத்தனைக்கும் அந்தப் பாதையில் ஒரு நாயைக்கூட நான் பார்த்ததில்லை. எனக்குப் பயந்துதான் அவை வருவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அந்த வருடம்தான் எங்களுக்கு அடுத்த தெருவில் கடனுக்குத் தறி வைத்திருந்த ஒருவர் அதே தண்டவாளத்தில் அடிபட்டுச் செத்திருந்தார். இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்கவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததை அவர் கவனிக்கவில்லை போலும் என்று நினைத்திருந்தேன்.

பிறகுதான் அந்தச் சங்கு ஊதியது.

எங்கள் ஊரில் பொழுதை நடத்துவது மில் சங்குதான். ஒரு நாள் சாயங்காலம் அடுப்படியில் அப்பாவும் அம்மாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் வீட்டுப்பாடம் எழுதுவதுபோல் உட்கார்ந்திருந்தேன். அப்பா பேச வாயெடுக்கவும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. அவர் "வட்டி" என்று சொன்னாராம். சங்கு அதில் முதல் எழுத்தை முழுங்கிவிட்டது. மிச்சத்துக்கு என் பயம் தானாகவே ஒரு எழுத்தைப் போட்டுக்கொண்டது.

"கட்டி வளந்துக்கிட்டே போகுது. இப்படியே விட்டா ஆளையே முழுங்கிரும்."

"ஒரேயடியா எடுத்துற முடியாதா?" இது அம்மா.

"அதெப்படி முடியும்? கொஞ்சங் கொஞ்சமாத்தான் கரைக்கணும். ரெண்டு வருசத்துல முடிஞ்சிரும். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

வயிற்றில் கட்டி வந்து செத்துப்போன ஒரு சித்தியை நான் பார்த்திருந்தேன். நடை, கஞ்சி, கீரை, நிறுத்திய சிகரெட் எல்லாம் இப்போது வரிசையாக வந்து சாட்சி சொல்லின. அப்பாவின் பேண்ட் தொளதொளவென்று ஆகி, அவர் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டதும் ஞாபகம் வந்தது. உடனே ஶ்ரீவில்லிபுத்தூர் திசையில் திரும்பி நின்று ஆண்டாளிடம் வேண்டிக்கொண்டேன். அப்பா பிழைக்கிறவரை பால்கோவாவைத் தொடமாட்டேன். வீடு இருந்த நிலைமையில் பால்கோவா எங்கிருந்தும் வருவதாக இல்லை என்பது வேறு விஷயம். கிடைக்காததைத் துறப்பதில் அன்றும் இன்றும் எனக்கு இணை கிடையாது.

ரகசியத்தை இரண்டு நாள் காப்பாற்றினேன் என்று நினைவு. மூன்றாவது நாள் டீக்கடைக்காரர் என்னை மறித்தார். "ஏலே, ஒங்கப்பாவை இந்தப் பக்கமே காணோம்? கடையை மாத்திட்டாகளா?" அவருக்கு வாடிக்கை போன கவலை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அப்பாவுக்குக் கட்டி. ரெண்டு வருசத்துல முடிஞ்சிருமாம். ஒருத்தர்கிட்டயும் சொல்லாதீக" என்று சொல்லிவிட்டேன். அவரும் ஒருவரிடமும் சொல்லவில்லை. டீ குடிக்க வந்தவர்களிடம் மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ரொட்டியும் சாத்துக்குடியுமாக வந்து, "சும்மா இந்தப் பக்கம் வந்தோம்" என்பார்கள். நோயைப் பேர் சொல்லிக் கேட்கக் கூடாது என்கிற நாகரிகம் தெரிந்த தெரு அது. எதிர்வீட்டு அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இம்புட்டுப் பெருசா வளர விட்டுட்டீகளே. ஆரம்பத்துலயே அறுத்து எறிஞ்சிருக்கணும்" என்றாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாக்கா, என் புத்தி" என்றார். கடன் ஊருக்கே தெரிந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். வந்தவர்கள் போனபிறகு சாத்துக்குடியை உரிக்காமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நாட்களில் காலையில் தண்டவாளப் பாதையில் என்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் ரயில் வராதபோதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எனக்குக் கட்டிப் பயம்.

செய்தி பஸ் ஏறி ஶ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டது. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் பாத்திரக்கடைக்காரர் ஒரு பை ஆப்பிளோடு வந்து இறங்கினார். நல்ல மனிதர். கெட்ட மனிதராக இருந்தால் ஆப்பிள் கொண்டுவந்திருக்கமாட்டார்.

"தம்பி, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீரும்" என்று ஆரம்பித்தார். "ஆளு இருக்கும்போதே பேசி முடிச்சுக்கிட்டா ரெண்டு பேருக்கும் நல்லது."

"நான் எங்க போறேன் அண்ணாச்சி? இங்கனதானே இருக்கேன்."

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கோம்." பெருமூச்சு விட்டார். "எனக்கும் பணமுடைதான். தைப் பொங்கலுக்குள்ள முழுசும் வந்துறணும். இல்லைன்னா இந்த வீட்டை என் பேருக்கு எழுதிக் குடுத்துரும். பொம்பளைகிட்டப் பொறவு வந்து நான் நிக்க முடியாது பாரும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "கட்டி எந்த எடத்துல?" என்றார்.

"ஒங்க கடையிலதானே அண்ணாச்சி மாசாமாசம் கட்டுதேன்?"

"அந்தக் கட்டி இல்ல தம்பி. வயித்துலயா, கழுத்துலயா?"

அப்பா தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பேச்சு ஒவ்வொரு வாசலாகப் பின்னோக்கி நடந்து, டீக்கடையில் கொஞ்சம் நின்று, கடைசியில் ஆப்பிள் பைக்குப் பக்கத்தில் நின்ற என்னிடம் வந்து சேர்ந்தது. நான் சங்கு ஊதியதைச் சொன்னேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். திரும்பியபோது சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணெல்லாம் நனைந்திருந்தது.

பாத்திரக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "நோவு உள்ளவுக எல்லாரும் இல்லைன்னுதான் சொல்லுவாக. முன்ன பாத்ததுக்கு நீரு பாதியா இருக்கீரே."

அப்பா எழுந்து நின்றார். "வார ஞாயித்துக்கெழம காலையில இங்கருந்து ஒங்க கடைக்கு நடந்தே வாரேன். நாலு எட்டு பஸ்ஸுல வந்தேன்னு தெரிஞ்சாலும் வீட்டை எழுதிக்கிடும். நடந்து வந்து நின்னா, பழையபடி மாசாமாசம்தான்."

"சரி" என்றார் அவர். ஆப்பிளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கிளம்பினோம். அம்மா என்னையும் அனுப்பினாள். "வழியில நாய் கெடக்கும்." அப்பாவின் இரண்டு பாதத்திலும் கம்பெனிக் கழிவு பேண்டேஜைச் சுற்றிவிட்டாள்.

வட்டி என்று விளங்கிய பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கட்டி இல்லை என்று யாரும் நிரூபிக்கவில்லையே. அப்பா இருமினால் நின்று பார்த்தேன். அவர் நின்றால் நெஞ்சைப் பார்த்தேன். கொஞ்ச தூரத்தில் கால் ஓய்ந்துபோனது எனக்குத்தான். என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அவர் நடந்தார். செத்துக்கொண்டிருக்கும் மனிதரின் தோளில் உட்கார்ந்துகொண்டு அவருக்காகக் கவலைப்பட்ட பிள்ளை நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வழியில் ஒரு ரயில்வே கேட் அடைத்திருந்தது. அப்பா என்னை இறக்கிவிட்டார். ரயில் சத்தம் கேட்டதும் சட்டென்று அவர் கையைப் பிடித்தேன்.

"விடுடா, வலிக்கி."

"ரயில் போற வரைக்கும் விடப்பிடாதுன்னு அம்மா சொல்லிருக்கு."

அப்பா என் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். ரயில் வந்தது. கடைசிப் பெட்டிகளில் ஒன்றின் ஜன்னலில் ஒரு சின்னப் பிள்ளை எங்களைப் பார்த்துக் கையசைத்தது. அப்பா மற்றக் கையைத் தூக்கி அதற்கு டாட்டா காட்டினார். பெட்டி வளைவில் மறைகிறவரை காட்டிக்கொண்டே நின்றார். கேட் திறந்தது. நான் கையை விட்டேன், அவர் விடவில்லை.

கோபுரம் பெரிதாகிக்கொண்டே வந்து, கடைத்தெரு வந்தது. பாத்திரக்கடைக்காரர் கதவுப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் பலகையை அப்படியே சாய்த்துவைத்துவிட்டு வந்தார். வியர்வையைப் பார்த்தார். மூச்சு வாங்குகிறதா என்று உற்றுக் கேட்டார். பழைய பாத்திரத்தை விலைக்கு எடுக்குமுன் அவர் விரலை மடக்கிச் சுண்டிப் பார்ப்பது வழக்கம்; கணீரென்றால் எடுப்பார், சத்தம் பிசிறினால் கீறல் என்று தள்ளிவிடுவார். அன்றைக்கு அப்பாவைத் திருப்பி நிறுத்தி, முதுகில் அதே விரலால் மேலிருந்து கீழாகச் சுண்டிக்கொண்டே வந்தார்.

"கீறல் இல்ல" என்றார் கடைசியில். "மாசாமாசமே குடும். ஆனா தம்பி, கடன் அடைஞ்ச பொறவும் இந்த நடையை விட்டுறாதீரும். இப்போதைக்கு என் பணம் ஒம்ம காலுலதான் இருக்கு."

கடைப் பையனிடம் பால்கோவா வாங்கிவரச் சொல்லி என்னிடம் நீட்டினார். நான் விரதத்தைச் சொன்னேன். "அதான் சுண்டிப் பாத்துட்டாகளே, சாப்பிடுடா" என்றார் அப்பா. சாப்பிட்டேன். திரும்பி வரும்போது பல மாதங்களுக்குப் பிறகு பஸ்ஸில் வந்தோம்; ஜன்னலோரம் அப்பாவுக்கு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கடைக்காரர் என்ன சொன்னார் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டாள். என்னிடம் கேட்டது வேறு.

"வழியில கேட் அடைச்சிருந்துச்சா?"

"ஆமா. ரயில் வந்துச்சு."

"அப்பா என்ன செஞ்சாக?"

"ரயில்ல போன பிள்ளைக்கு டாட்டா காட்டினாக."

அம்மா என் வாயோரம் ஒட்டியிருந்த பால்கோவாவை முந்தானையால் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் நான் கண் விழித்தபோது வெயில் வந்துவிட்டது. அப்பா தனியாகவே கம்பெனிக்குப் போயிருந்தார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கட்டி விஷயத்துக்குத் தண்டனையாக என் வேலையைப் பிடுங்கிவிட்டார்கள்.

"என்னைய ஏன் எழுப்பல? அங்கன நாய் கெடக்குமே?"

அம்மா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நாயெல்லாம் போயிருச்சுடா" என்றாள்.

முனிசிபாலிட்டி வண்டி வந்து பிடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள்கூட என் கண்ணில் படாத அந்த நாய்களுக்காக, பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.